சாதத்தை விட்டேன், சப்பாத்தி பிடித்துக்கொண்டது

பம்பாயில் நம்ம ஆட்கள் யாருக்காவது சுகர் பார்டரில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், டாக்டர் தொடங்கி லிஃப்டில் கூட வரும் மூன்றாவது மாடி மாமா வரை எல்லோர் வாயிலும் ஒரே மருந்துதான்: சாதத்தை விட்டுடு, சப்பாத்திக்கு மாறிடு. நானும் மாறினேன். செம்பூர் மார்க்கெட் பக்கத்து மாவு மில்லில் கண் முன்னால் கோதுமை அரைத்து வாங்கி, மதியம் மூன்று, இரவு மூன்று என்று அரை வருடத்துக்கு மேல் வைராக்கியமாக இருந்தேன். மீன் குழம்புக்குச் சப்பாத்தி தொட்டுச் சாப்பிடுகிற பாவத்தைத் திருநெல்வேலிக்காரி ஒருத்தி செய்யலாமா என்பது வேறு கதை. மறுபடி டெஸ்ட் எடுத்தபோது மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1-லிருந்து 6.0. ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 214-லிருந்து 221. இடுப்பு அதே இடுப்பு.

எதைத் தொட்டால் உண்மையிலேயே எண்கள் இறங்கும் என்று அதற்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். எண்களைக் கண்டால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டேன், அவ்வளவுதான் என் தகுதி.

எனக்கு 44 வயது, உயரம் 155 சென்டிமீட்டர், அப்போது எடை 66 கிலோ. ஆபீஸ் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சுகர் 108. அது 100-க்குக் கீழே இருந்தால் நார்மல், 126-ஐத் தொட்டால் நீரிழிவு, நடுவில் நிற்பது முன்நீரிழிவு. ஹெச்பிஏ1சி-க்கு அதே கோடுகள் 5.7, 6.5. நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 38, பெண்களுக்கு 50-க்குக் கீழே போகக் கூடாது. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், முதல் கிரேடு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயப்படும்படி இல்லை, டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் இவையெல்லாம் கூட்டாகத்தான் வரும். 1988-லேயே ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கூட்டத்துக்கு சிண்ட்ரோம் எக்ஸ் என்று பெயர் வைத்து, அடியில் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போவது என்று சொன்னார். இப்போது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். இடுப்பு, ட்ரைகிளிசரைடு, ஹெச்டிஎல், பிரஷர், வெறும் வயிற்றுச் சுகர், இந்த ஐந்தில் மூன்று கோடு தாண்டினால் நீங்களும் அதில் சேர்த்தி. எனக்கு பிரஷர் தவிர மற்ற நாலும்.

செக்கப் பேக்கேஜில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கி எடுத்தேன்: வெறும் வயிற்று இன்சுலின். 19 வந்தது. சுகரையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் இன்சுலின் எதிர்ப்பை அளக்கும் ஹோமா ஐஆர் என்று ஒரு எண் வரும், 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த கணக்கு. எனக்கு 5-க்குக் கொஞ்சம் மேலே. லேபுக்கு லேப் மாறும், ஆனால் பொதுவாக 2.5-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். அதாவது சுகரை 108-ல் நிறுத்தி வைக்க என் கணையம் மாடு மாதிரி உழைத்துக்கொண்டிருந்தது, வெளியே தெரியவில்லை.

வெளியே தெரிந்தது ஒன்றே ஒன்று, கழுத்தின் பின்பக்கம். பல வருடமாக அங்கே தோல் கறுத்து, தடித்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பாள், ஊருக்குப் போகும்போதெல்லாம் இது ஒரு சடங்கு. ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மேல் இருந்தால் அது தோல் செல்களையும் வளரத் தூண்டும், அதனால் வரும் கறுப்பு இது. அக்குளிலும் வரும், கூடவே கழுத்தில் சின்னச் சின்ன மருக்கள் முளைக்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால் தேய்க்காதீர்கள், ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

இன்சுலின் எதிர்ப்பு எப்படி வருகிறது என்பதற்குப் பம்பாய் வீட்டுப் பரணைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒன் ரூம் கிச்சனில் பரண் நிரம்பிய பிறகும் சாமான் வாங்கிக்கொண்டே இருந்தால் கட்டிலுக்கு அடியில் போகும், பால்கனிக்குப் போகும், கடைசியில் அடுப்படியிலேயே நடக்க வழியிருக்காது. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புதான் உடம்பின் பரண். அது நிறைந்துவிட்டால் மிச்சம் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தசைக்கும் போய் உட்காரும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது; ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் 108 வருகிறதே என்று நான் குழம்பியதற்குப் பதில் அங்கே இருந்தது. மிச்சச் சர்க்கரையைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புவதும் அதே கல்லீரல்தான், அதைத்தான் லேப் காகிதத்தில் ட்ரைகிளிசரைடு என்று படிக்கிறோம்.

நம்ம ஆட்களுக்கு அந்தப் பரணே சின்னது. பூனா கேஇஎம் ஆஸ்பத்திரியில் நீரிழிவு ஆராய்ச்சி செய்யும் டாக்டர் யாஜ்னிக், 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தன் படத்தையும் ஜான் யுட்கின் என்ற ஆங்கில நண்பரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இதைப் படித்துவிட்டு முதலில் என் வீட்டுக்காரரைத்தான் ஸ்கேனுக்கு அனுப்பினேன். கல்யாணத்தில் வாங்கிய பேண்ட் இன்னும் அவருக்குப் பொருந்தும், அந்தப் பெருமை வேறு. கல்லீரலில் என்னைவிட ஒரு கிரேடு கூட. ஒல்லியாக இருக்கிறேன் எனக்கென்ன என்பவர்கள் ஒரு இன்ச் டேப் எடுத்துத் தொப்புள் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். இந்திய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கிற கோடு நமக்கு ஆகாது.

சரி, சப்பாத்திக்கு வருகிறேன்.

30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி. அதில் மாவுச்சத்து 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 150 கிராம் சாதம், அதாவது ஒரு கிண்ணம், அதில் 40 கிராம் சொச்சம். ஆக இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் சாதமும் கணக்குப் புத்தகத்தில் ஒரே தொகைதான். கோதுமையில் நாரும் புரதமும் கொஞ்சம் கூட, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிண்ணம் சாதம் சாப்பிட்டவள் மூன்று சப்பாத்திக்கு மாறினால் என்ன நடக்கும்? எனக்கு நடந்ததுதான் நடக்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு பாஜி வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்தும் இண்டியாப் என்ற தேசிய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் கலோரிக் கணக்கில் ஒரு 5 சதவீதத்தை எடுத்துவிட்டுப் பருப்பு வகை, பால் வகைப் புரதத்தை வைத்தவர்களிடம்தான் ஆபத்து குறைவாக இருந்தது. இது கணக்கெடுப்புதான், ஆளை உட்கார வைத்துச் சோதித்த பரிசோதனை இல்லை. ஆனாலும் என் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இவர்கள் நம் வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போனார்களோ என்றுதான் தோன்றியது.

ஒரு நாள் என்ன உள்ளே போகிறது என்று டைரியில் எழுதினேன். காலையில் அவல் போஹா அல்லது ஐந்து இட்லி. பதினொரு மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் காரி பிஸ்கட்டும். மதியம் டப்பாவில் மூன்று சப்பாத்தி, உருளையோ பட்டாணியோ. நாலரைக்கு கட்டிங் சாய், பக்கத்து சீட்டில் யாராவது வாங்கி வந்த வடா பாவ். மைதா ரொட்டிக்குள் உருளைக்கிழங்கை கடலை மாவில் தோய்த்துப் பொரித்து வைப்பது, அதற்கு மேலே இனிப்புச் சட்னி. இதைக் கண்டுபிடித்த ஊரில் இருந்துகொண்டு குறை சொல்லக் கூடாது, ருசிக்குக் குறையே இல்லை. ஏழு மணிக்கு ஹார்பர் லைனில் தொங்கிக்கொண்டு வந்து, சமைத்து, சீரியல் ஓட, இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்க 40 கிராம் தேறவில்லை. ஐசிஎம்ஆர் சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம், எனக்கு 50-க்கு மேல் வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் மாவு இருந்தது, மாவுக்குத் துணையாக இன்னொரு மாவு இருந்தது, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

சாம்பார் இருக்கிறதே, பருப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு. அதாவது ஆளுக்கு 25 கிராம், புரதம் 5 கிராம் சொச்சம். மற்றதெல்லாம் புளித்தண்ணீரும் வாசனையும்தான். நான் ஒரு டம்ளர் போட ஆரம்பித்த அன்று என் மாமியார் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏளா, மாசத்துப் பருப்பை எல்லாம் இன்னைக்கே போட்டுட்டியா?"

"இல்ல அத்தை, ஒரு டம்ளர்தான். இனிமே இப்படித்தான்."

"வாயு பிடிச்சுக்கிடும்லா."

"பெருங்காயம் கூடப் போட்டுக்கிடலாம் அத்தை. சோறு ஒரு கரண்டி கம்மியாப் போட்டுக்கிடுங்க, சரியாப் போகும்."

வாயு உண்மையிலேயே கொஞ்ச நாள் பிடித்தது. திடீரென்று பருப்பையும் பயறையும் ஏற்றினால் வயிறு முறைக்கும், பத்துப் பதினைந்து நாள் எடுத்து மெல்ல ஏற்ற வேண்டும், பயறை ராத்திரி ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இப்போது அத்தையே கெட்டியாக இல்லாவிட்டால் "இது என்ன ரசமா?" என்று கேட்கிறாள்.

எங்கள் வீட்டைத் திருப்பிப் போட்டது மட்கி. நம் ஊரில் நரிப்பயறு என்பார்கள், இப்போது அங்கே சமைக்கிறவர்கள் குறைவு. இங்கே ஸ்டேஷன் ரோட்டில் காய்கறிக்காரம்மாக்கள் கூடையில் ஈரத்துணி விரித்து, முளை கட்டிய மட்கியைக் குவித்து வைத்திருப்பார்கள். ஊறப்போடும் வேலைகூட இல்லை. கால் கிலோ வாங்கி வந்து, கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து, மஞ்சள், நம் வீட்டுக் குழம்புப் பொடி ஒரு ஸ்பூன் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் கால் மணி நேரம். மராத்திக்காரர்கள் இதை உசல் என்று வைத்து, அதற்கு மேல் ஓமப்பொடி மாதிரியான சேவ் கொட்டி, பாவ் தொட்டுச் சாப்பிடுவார்கள். சேவும் பாவும் இல்லாமல் ஒரு கிண்ணம் உசலை அப்படியே சாப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒரு சப்பாத்தி. மூன்று கேட்கிற வயிறு ஒன்றரையில் போதும் என்கிறது, இதற்கு வைராக்கியம் தேவைப்படவில்லை.

சாப்பிடும் வரிசைதான் அடுத்தது. நம் பந்தியில் முதலில் சோறு விழும், அதற்கு மேல்தான் மற்றது. நான் திருப்பிவிட்டேன்: முதலில் பொரியல், பயறு, முட்டையோ மீனோ, சோறோ சப்பாத்தியோ கடைசியில். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-ல் 11 நீரிழிவுக்காரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் வேறு; காயும் புரதமும் முதலில் போன நாளில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகவே குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லாத விஷயம், க்ளுகோமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வடா பாவ் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 182. ஒரு கிண்ணம் மட்கியும் அப்புறம் இரண்டு இட்லியும் சாப்பிட்டு அதே நேரத்தில் 131. இட்லியை விடச் சொல்லி யாராவது வந்தால் நான் இந்த எண்ணைக் காட்டுவேன். இட்லி பாவம், ஐந்தாக வந்து தனியாக உட்காரும்போதுதான் வம்பு.

முட்டையில் ஒன்றுக்கு 6 கிராம் புரதம், 100 கிராம் பனீரில் 18 போல, அதே எடை வேர்க்கடலையில் 25 (ஆனால் கொழுப்பும் கூட, ஒரு பிடியோடு நிறுத்த வேண்டும்). பாங்டா மீன், நம் ஊர் அயிலை, 100 கிராமில் 20 கிராம் அளவு. மார்க்கெட்டில் மீன் விற்கும் கோலிக்காரம்மாவிடம் பாப்லெட்டுக்கு, அதாவது வாவலுக்கு, பேரம் பேசுகிற நேரத்தில் இதை வாங்கி வந்துவிடலாம், விலையும் அதில் பாதிகூட இல்லை. சைவக்காரர்களுக்குத் தயிர், பனீர், கொண்டைக்கடலை, சோயா. அடைக்கு அரிசியைப் பாதியாகக் குறைத்துப் பருப்பை ஏற்றினால் அடை இன்னும் நன்றாகத்தான் வருகிறது.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ராகி, இங்கே நாச்சணி, நல்ல தானியம்தான், சுண்ணாம்புச்சத்து உண்டு. அதை மைதா மாதிரி அரைத்துக் கூழாகக் காய்ச்சி இரண்டு டம்ளர் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். அரைக்க அரைக்க, கரைக்கக் கரைக்க, குடல் செய்ய வேண்டிய வேலையை மிக்சி செய்துவிடுகிறது. சோள ரொட்டி, இங்கே பாக்ரி, ஒன்று கெட்டியாக, மென்று சாப்பிட வேண்டியதாக இருப்பதால் எனக்கு ஒன்றிலேயே நிற்க முடிகிறது. அது என் அனுபவம், மூன்று பாக்ரி சாப்பிடுகிறவருக்கு அதுவும் மூன்று பாக்ரிதான். டயாபெடிக் பிஸ்கட், டயாபெடிக் ஆட்டா எல்லாம் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் கல்லீரலுக்குச் சர்க்கரைதான்.

இன்னொரு வேடிக்கை உபவாசம். ஆபீசில் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருக்கிற தோழிகள் சாபுதானா கிச்சடி கொண்டுவருவார்கள், நம் சேலத்துப் பக்கம் மரவள்ளியில் எடுக்கிற ஜவ்வரிசிதான். கிட்டத்தட்ட முழுக்க மாவு, புரதமும் நாரும் பேருக்குக்கூட இல்லை. அதில் போடுகிற வேர்க்கடலையும் கூடக் கொண்டுவரும் தயிரும்தான் காப்பாற்றுகிறது. எனக்கு ஒரு டப்பா நீட்டினால் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொள்வேன். முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

ட்ரைகிளிசரைடு 214 என்றதும் எல்லோரும் எண்ணெயைக் குறை, நெய்யை நிறுத்து என்றார்கள். நிறுத்திவிட்டு அந்த இடத்தில் என்ன சாப்பிட்டேன்? உப்பலாக, எடையே இல்லாமல் இருக்கிறதே என்று காரி, டோஸ்ட், முர்முரா என்கிற பொரி. காரி அடுக்கடுக்காக மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்தது. டோஸ்ட்டும் முர்முராவும் சுத்த மாவு. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் சர்க்கரைக்கும் மாவுக்கும் மதுவுக்கும் பெரிய பங்கு உண்டு, கல்லீரல்தான் அதைத் தயாரிக்கிறது என்று மேலே சொன்னேனே. பழச்சாறும் அந்த வகைதான். அதிலிருக்கும் ஃபிரக்டோஸ் நேராகக் கல்லீரலுக்குப் போகும். நான் டீயில் சர்க்கரையை நிறுத்தி, காரியை நிறுத்தி, கரும்பு ஜூஸ், மோசம்பி ஜூஸை நிறுத்தியதும் எல்லா எண்களுக்கும் முன்னால் இதுதான் சரிந்தது. வீட்டுக்காரர் சனிக்கிழமை பீரைக் குறைத்ததும் அவருக்கும் இறங்கியது. நெய் ஒரு ஸ்பூன் இப்போது பருப்பில் விட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

ஏப்ரல், மே வந்தால் ஹாபூஸ். அதை விடு என்று சொல்கிறவர்களை நான் மதிப்பதில்லை. அன்றைக்கு மதியம் சோறு, சப்பாத்தி இரண்டுமே இல்லாமல் மீனும் காயும் தயிரும் சாப்பிட்டுவிட்டு, பழமாக அரை மாம்பழம். ஆம்ரஸ் பூரிக்கு மட்டும் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வருவேன், அடுத்த நாள் மீட்டரை எடுக்க மாட்டேன்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், பம்பாய்க்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். இரவு பத்து மணிச் சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவர என்ன செய்தும் முடியவில்லை, ஆபீஸ் விடுவதே ஆறரைக்கு. கடைசியில் சாப்பாட்டைப் பிரித்துவிட்டேன். இரண்டாவது டப்பா ஒன்று: சுண்டல் அல்லது இரண்டு அவித்த முட்டை, வெள்ளரி, ஒரு பாட்டில் மோர். ஐந்தரைக்கு அது உள்ளே போய்விடும். சிஎஸ்எம்டி பிளாட்பாரத்தில் வடா பாவ் வாசனை வரும்போது வயிறு நிறைந்திருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் கண்டதை எடுத்து வாயில் போடுகிற வெறியும் இல்லை. இரவு பாத்திரத்தில் இருக்கும் காயும் பருப்பும் ஒரு சப்பாத்தியும், ஒன்பதுக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் உட்காராமல் பில்டிங் காம்பவுண்டில் பத்து பதினைந்து நிமிடம் நடை. ஜூலை மழையில் மாடிப்படி. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாத முடிவுக் கணக்கு மூடுகிற வாரங்களில் நாலு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்தால், அதே மட்கி, அதே இட்லிக்கு மீட்டர் 150-ஐத் தாண்டும். தூக்கம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்யாது என்பதை மறுநாள் காலையிலேயே பார்க்கலாம்.

"ஒரு மாத்திரை போட்டுட்டா முடிஞ்சுது, எதுக்கு இவ்வளவு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு முன்நீரிழிவுக்காரர்களை மூன்று வருடம் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சாப்பாடு, நடை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை. "பாருங்க, மாத்திரையும் சுண்டலும் சமம், சுண்டலாவது ருசியா இருக்கு" என்றேன். மறுபேச்சு இல்லை.

ஒரு வருடம் போல ஆன பிறகு என் எண்கள்: ஹெச்பிஏ1சி 5.7, ட்ரைகிளிசரைடு 138, ஹெச்டிஎல் 43, எடை 61, இடுப்பு 92-லிருந்து 85. இன்சுலின் 19-லிருந்து 10, ஹோமா 2.5. வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் 101-ல் அடம் பிடிக்கிறது. கழுத்துக் கறுப்பு வெளுத்திருக்கிறது, போகவில்லை. அற்புதம் ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு நாற்பதிலேயே சுகர் வந்த குடும்பம், இது எனக்குப் போதும். பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். எனக்கு ஹீமோகுளோபின் 10.2 இருந்தது, டாக்டர் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் அடுத்த ரிப்போர்ட்டை நம்பினார்.

இதில் நான் பயந்தது என் அண்ணன் விஷயத்தில்தான். அவனுக்கு ஏற்கெனவே நீரிழிவு, கிளிமிபிரைடு மாத்திரை. என் டப்பாவைப் பார்த்துவிட்டு யாரிடமும் கேட்காமல் சோறு, சப்பாத்தி இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தினான், மாத்திரை மட்டும் பழைய அளவு. தாதர் பாலத்தில் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துத்தான் எழுந்தான். இந்த வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்கிறவர்கள் மாவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாவை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் வேறு ஆபத்தும் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தை ஏற்றும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினைப் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகள் இதையெல்லாம் தாங்களாகச் செய்யக் கூடாது. அண்ணனுக்கு டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வாரம் காலையும் இரவும் மீட்டரில் பார்த்து எழுதிவரச் சொன்னார். தட்டை மாற்றப் போகும் முன்பே அவரிடம் போயிருந்தால் அந்தப் பாலம் வேண்டியிருந்திருக்காது. மாத்திரைக்காரர்கள் அந்த வரிசையில்தான் செய்யுங்கள்.